பயந்த வீட்டில் ஒரு பந்தி

 

இந்த மாதம் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். பாஸ்டர் சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டாரா என்று சகோதரிகள் சிரிக்க வேண்டாம். கடைசியில் சமையல் குறிப்பும் உண்டு. அதற்கு முன்னால் இரண்டு தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் வாசலோடு திரும்பிப் போனவை. ஒன்றை நம் சபையில் ஒரு சகோதரி திருப்பி அனுப்பினார்கள். மற்றதை நான் அனுப்பினேன்.

2024-ம் வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அதே அக்டோபர் 31 மேல்நாடுகளில் ஹாலோவீன் இரவு. பேய் வேஷம், எலும்புக்கூடு பொம்மை, கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைத்த பரங்கிக்காய். முன்பெல்லாம் நாம் இதை இங்கிலீஷ் படத்தில் பார்த்ததோடு சரி. இப்போது ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் ஆரம்பித்து மேடவாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் என்று நம் வாசலுக்கே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளைக் கறுப்பு டிரஸ் போட்டு அனுப்பச் சொல்கிற பள்ளிக்கூடங்களும் உண்டு.

பெருங்களத்தூரில் நம் சகோதரி ஒருவர் குடியிருக்கிற அபார்ட்மெண்டிலும் ஏற்பாடு செய்தார்கள். 31-ம் தேதி தீபாவளி ஆகிவிட்டதால் நவம்பர் 2, சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மெனுவைச் சகோதரி எனக்கு அனுப்பினார்கள். இட்லியைச் சுற்றி இடியாப்பம் சுற்றி, மிளகில் இரண்டு கண் வைத்த 'மம்மி இட்லி'. பேய் முகம் போட்ட பரோட்டா. விரல் மாதிரி பிஸ்கட், நகத்துக்கு ஒரு பாதாம் பருப்பு. குடிக்க பீட்ரூட் ஜூஸ். அதற்குப் பெயர் 'ரத்தம்'. கீழே, "போலாமா பாஸ்டர்? பையன் ரொம்பக் கேக்கறான்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன்: கூடாது. ஏன் என்று எழுதவில்லை. அந்தப் பையனுக்கு வேறு என்ன செய்யலாம் என்றும் எழுதவில்லை. ஆபீஸில் வேலையாக இருந்தேன் என்பது சாக்கு.

மறுநாள் நவம்பர் 3, மாதத்தின் முதல் ஞாயிறு, இராப்போஜன ஆராதனை. சாட்சி நேரத்தில் சகோதரி எழுந்து நின்றார்கள். முந்தின நாள் பையனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்களாம். அவன் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று கீழே நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தானாம். எட்டு மணிக்கு எதிர் வீட்டுப் பையன், இவனோடு ஒரே கிளாஸில் படிக்கிறவன், ஒரு பேப்பர் தட்டில் இவனுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு மேலே வந்து பெல் அடித்திருக்கிறான். "வாசலோடயே திருப்பி அனுப்பிட்டேன், ஸ்தோத்திரம்" என்றார்கள். சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே பையனைப் பார்த்தேன். பதினொரு வயசு. தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த இடத்திலேயே ஓர் எவர்சில்வர் டப்பா ஞாபகம் வந்தது. அப்பத்தைக் கையில் எடுத்துப் பிட்கக் கொஞ்ச நேரம் எனக்குக் கை வரவில்லை.

அது 2001-ம் வருஷம். நாங்கள் சானடோரியம் பக்கத்தில் வரிசை வீடுகள் ஒன்றில் குடியிருந்தோம். நான் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆதி அன்பு என்பார்களே, அந்த வைராக்கியம். அம்மா அப்போது இன்னும் இரட்சிக்கப்படவில்லை. தீபாவளி காலையில் பக்கத்து வீட்டு அம்மா டப்பாவில் அதிரசம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்தவன் நான். "நாங்க விக்கிரகத்துக்குப் படைச்சத சாப்பிட மாட்டோம்" என்று சொல்லி, அவர்கள் வாய் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே போய் முழங்கால்படியிட்டு, என்னைச் சோதனையில் ஜெயம்கொள்ள வைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அந்த அம்மா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்: "உன் பையன் படைச்சத தொடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? அதான் முதல் ஈட்ட சாமி முன்னாடி வைக்காம தனியா டப்பால எடுத்து வச்சேன். அதச் சொல்றதுக்குள்ள கதவச் சாத்திடுச்சு தம்பி."

என் விசுவாசத்துக்கு மரியாதை கொடுத்து, தன் வீட்டுப் பண்டிகையில் தன் சாமிக்கு முன்னால் எனக்குப் பங்கு எடுத்து வைத்த மனுஷி. பிற்பாடு வேதபாடசாலையில் டிப்ளமோ படித்தபோது கொரிந்தியர் நிருபத்தில் நல்ல மார்க் வாங்கினேன். மன்னிப்புக் கேட்க மட்டும் போகவில்லை. வெட்கம். 2009-ல் அந்த அம்மா இறந்துபோனார்கள். சுவிசேஷம் சொல்ல அந்த வாசல் எனக்கு ஒருநாளும் திறக்கவில்லை, சாத்தினவன் நான்தான்.

பிரியமானவர்களே, 1 கொரிந்தியர் 10-ம் அதிகாரத்தின் பின்பகுதியை வேதத்தைத் திறந்து வாசியுங்கள். பவுல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் போடவில்லை. விக்கிரகத்துக்குப் பலியிடுகிற இடத்திலேயே போய்ப் பந்தியில் உட்காருவதா? கூடாது, கர்த்தருடைய பந்தியும் அதுவும் ஒன்றுசேராது என்கிறார். கடைத்தெருவில் விற்கிற இறைச்சியா? மனச்சாட்சியினிமித்தம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவிசுவாசி ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டு, நமக்கும் போக மனதிருந்தால்? முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் மட்டும், அப்படிச் சொன்னவனுக்காக விட்டுவிடச் சொல்கிறார். நான் என்ன செய்தேன்? ஒருவரும் சொல்லாததை நானே சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

2015 டிசம்பரில் நாம் யாராவது கேள்வி கேட்டோமா? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. மொட்டை மாடியில் இருந்தவர்களுக்குப் பொட்டலம் வந்தபோது, இது கோயிலில் கிண்டினதா, மசூதியில் கிண்டினதா, சர்ச்சில் கிண்டினதா என்று விசுவாசிகள் விசாரிக்கவில்லை. ஜெபித்துச் சாப்பிட்டார்கள். பசி வந்தபோது பவுலின் ஆலோசனை நமக்கு நன்றாகவே புரிந்தது!

அப்படியானால் ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் 'கூடாது' என்ற ஒற்றை வார்த்தையோடு விடாமல் காரணத்தையும் சொல்கிறேன்.

அபார்ட்மெண்ட் பிள்ளைகள் அங்கே யாருக்கும் பலியிடவில்லை. அதைப் பெரிதாக்கி மேடையில் முழங்கினால் நாம்தான் பொய்யர் ஆவோம். ஆனால் இந்தப் பண்டிகையின் வேர் செத்தவர்களைப் பற்றிய பயத்தில் இருக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழைய ஜனங்கள் அறுப்பு முடிந்து குளிர்காலம் தொடங்குகிற அந்த இரவில் செத்தவர்களின் ஆவிகள் நடமாடும் என்று பயந்தார்கள். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்று சபை ஏற்படுத்தின பிறகும் பயம் போகவில்லை. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் செத்தவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி ஒரு சின்ன கேக் வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பது அதோடு சொந்தமுள்ள வழக்கம்தான். 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அங்கே பெரிதாகப் பரங்கிக்காய் கிடைத்ததும் அதைக் குடைந்தார்கள்.

நமக்கு இது புதிதா? ஆயுத பூஜை அன்று ஜி.எஸ்.டி. ரோடு ஓரமெல்லாம் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய் கிடக்கும். டூவீலர்காரர்கள் வழுக்கி விழுவார்கள். அது திருஷ்டிக்கு, இது ஆவிக்கு. காய் வேறு, பயம் ஒன்றுதான். விசுவாசிகள் வீட்டிலும் இந்தப் பயம் இருக்கிறதை ஊழியத்தில் பார்க்கிறேன். சாவு நடந்த வீட்டுக்குள் ராத்திரி தனியாகப் போக மாட்டேன் என்கிற மூப்பரைக்கூட எனக்குத் தெரியும்.

அக்டோபர் 31-க்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1517-ம் வருஷம் அதே தேதியில்தான் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் தம்முடைய 95 குறிப்புகளை வெளியிட்டார். எதை எதிர்த்து? பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை. உன் செத்துப்போன தகப்பனுடைய ஆத்துமா வேதனையிலிருந்து விடுதலையாகக் காசு போடு என்று ஏழைகளிடம் வாங்கினார்கள். செத்தவர்களைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறித்த காரியம் அது. ஹாலோவீனை நாம் கேள்விப்படுவதற்கு முன்பே தரங்கம்பாடி லூத்தரன்மாருக்கு அக்டோபர் 31 நல்ல நாள்.

எனக்கு இன்னும் பெரிய காரணம் அந்த ஜூஸ். பிசாசை நாங்கள் வேஷமாகப் பார்க்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்து ஓடிப்போய் ஜெபித்து விடுதலையைக் கண்டிருக்கிறோம். அதாவது போகட்டும், பெரியவர்கள் காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சிவப்பு ஜூஸைத் தூக்கி, "ரத்தம், ரத்தம்" என்று சிரித்துக் குடித்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலை அதே சிவப்பு நிறத்தில் திராட்சரசம் வரும்போது அதைப் பார்த்து என்ன நினைக்கும்? இரத்தம் நம் வீட்டில் விளையாட்டு வார்த்தை அல்ல. நம்மை மீட்ட விலை. இதை அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். அவன் கெட்டிக்காரன்.

எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "பாஸ்டர் அங்கிள், நாம அவங்க வீட்டுக்குப் போகக் கூடாது. சரி. அவங்கள நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா? அதுவும் தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் லூக்கா 24-ம் அதிகாரத்தை எடுத்தேன். உயிர்த்தெழுந்த நாள் ராத்திரி, எருசலேமில் சீஷர்கள் கூடியிருந்த வீடு. ஆண்டவர் நடுவில் வந்து நிற்கிறார். அவர்கள் ஓர் ஆவியைக் காண்கிறதாக நினைத்துக் கலங்கிப்போகிறார்கள். பேதுருவும் அங்கேதான் இருக்கிறான். அவர் கையையும் காலையும் காட்டுகிறார். தொட்டுப் பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாதே என்கிறார். அப்போதும் அவர்களால் நம்ப முடியவில்லை. அடுத்து அவர் என்ன செய்தார்? சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்! பொரித்த மீனில் ஒரு துண்டும் கொஞ்சம் தேன்கூடும் கொடுத்தார்கள். வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிட்டார்.

பல வருஷம் இதைப் பிரசங்கித்திருக்கிறேன், உயிர்த்தெழுதலுக்கு அத்தாட்சி என்று. அன்றைக்குத்தான் வேறொன்று கண்ணில் பட்டது. பேய் என்று பயந்துபோன வீட்டில் ஆண்டவர் பயத்தைப் போக்கினது ராத்திரிச் சாப்பாட்டால். அவர்களைத் திட்டி நிறுத்திவிடவில்லை. அவர்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார். நெகேமியா 8-ம் அதிகாரத்திலும் பாருங்கள்: நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்த ஜனங்களை, போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று நெகேமியா சொல்கிறான். பரிசுத்த நாள் என்றால் பங்கு அனுப்புகிற நாள்.

சகோதரியிடம் பேசினேன். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் எதிர் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். 2025 அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்துவிட்டு, அவர்கள் பிளாட் ஹாலிலேயே பந்தி போட்டோம். முப்பது பேருக்குக் கொஞ்சம் அதிகம். சோபாவைத் தூக்கி வராந்தாவில் வைத்தோம்.

என்ன சமைத்தோம் என்று கேட்கிறவர்களுக்காக: உபவாசம் இருந்தவர்களுக்கு முதலில் எலுமிச்சம்பழ ஜூஸ், பிறகு கஞ்சி. வெறும் வயிற்றில் நேராக பிரியாணிக்குப் போகாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். பிரியாணிக்கு ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு எட்டுப் பேர் என்று கணக்கு. நடுநாயகம் மீன் வறுவல்: நாலு கிலோ சங்கரா, கோவளத்து மீன். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரைமணி நேரம் ஊற வைத்து, அரிசி மாவில் புரட்டித் தோசைக்கல்லில் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேன். பிள்ளைகள் பிரெட்டில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

பரங்கிக்காயும் வாங்கினோம், சண்முகம் ரோடு மார்க்கெட்டில் முழுக்காய் ஒன்று. வாலிபத் தம்பி ஒருவன், "ஒரு முகம் மட்டும் வெட்டிக்கவா பாஸ்டர், சிரிக்கற முகம்தான்" என்றான். வேண்டாம் என்றேன், இந்தத் தடவை காரணமும் சொன்னேன். காய் அதற்காகப் பாவம் செய்யவில்லை. அமெரிக்கக் கண்டத்துக் காய், பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய். ஹாலோவீனுக்கு ரொம்ப முன்னாலேயே நம் அடுப்பில் ஏறிவிட்டது. சதையில் பாலும் வெல்லமும் சேர்த்துப் பால் கூட்டு, தோலில் துவையல், விதையை உப்புப் போட்டு வறுத்தோம். மீதியான துணிக்கைகளையும் சேர்க்கச் சொன்ன ஆண்டவருக்கு அது பிடித்திருக்கும். சைவம் சாப்பிடுகிற ஒரு குடும்பமும் வந்தது. அவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, சமைத்ததும் தனி அடுப்பு. இதில் அலட்சியம் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சப்பாத்தி மாவைக் கொடுத்துவிட்டோம். ஆடு, படகு, மீன் என்று என்னென்னவோ செய்தார்கள். ஒன்றும் எதைப் போலவும் இல்லை. சுட்டதும் எல்லாம் காலி.

சாப்பாட்டுக்கு முன்னால் லூக்கா 24-ஐக் கதையாகச் சொன்னேன், பத்து நிமிஷம். அதற்கு மேல் இல்லை. நோட்டீஸ் கொடுக்கவில்லை, பெயர் நம்பர் எழுதி வாங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பாடு போட வேண்டும். தூண்டில் போடக் கூடாது. கேட்டால் சொல்வோம். அன்றைக்குக் கேட்டது ஒரே ஆள், போன வருஷம் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலோடு திரும்பின எதிர் வீட்டுப் பையன். இலையில் மீனை வைத்துக்கொண்டு கையைத் தூக்கினான். "அங்கிள், அவரு முள்ள என்ன பண்ணாரு?"

அந்தத் தாயார் சமையல் கட்டிலிருந்து வெளியே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் கொடுத்தார்கள். நம் பையன் அவனுக்கு இந்தப் பக்கத்தில் இருந்தான்.

இந்த முறையும் அக்டோபர் 31 சாயங்காலம் மூன்று வீடுகளில் பந்தி வைக்கலாம் என்று ஜெபிக்கிறோம்: பெருங்களத்தூர், சேலையூர், சிட்லப்பாக்கம். வீடு திறக்க விருப்பமுள்ளவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். யாரைக் கூப்பிடுவது என்று முதலில் ஜெபித்து முடிவு செய்யுங்கள். எந்த வாசலில் நாம் தட்டைத் திருப்பினோமோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மழை பெய்தால் மொட்டை மாடியை நம்ப வேண்டாம். மீன் வாங்குகிற பொறுப்பெடுக்கிறவர்கள் சங்கராவை விட்டுவிட்டு, விலை கொஞ்சம் கூடினாலும் வஞ்சிரமாகப் பாருங்கள். பிள்ளைகள் சாப்பிட வேண்டும், முள் குறைவாக இருக்கட்டும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்